அந்நியர் கைக்கு அசையாத திருகு

இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்துவதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. பற்றவைப்பதும், ரிவெட் அடிப்பதும், பசையிட்டு ஒட்டுவதும் சேர்ப்பதையே முழு நோக்கமாகக் கொண்டவை. அவ்வாறு சேர்ந்ததை மறுபடி பிரிக்க வேண்டுமாயின் வெட்டவோ உடைக்கவோ சுடவோ வேண்டியிருக்கும். திருகு ஒன்றுதான், சேர்க்கும் கணத்திலேயே பிற்காலத்தில் பிரிக்கவேண்டிய அவசியத்தையும் மனத்தில் கொண்டு சேர்க்கிறது. தேய்ந்த உறுப்பைக் கழற்றி மாற்றுவதும், பழுதைத் திறந்து பார்த்துச் சீர்செய்வதும், ஓரிடத்தில் செய்ததை வேறோரிடத்தில் பொருத்துவதும் இந்தக் குணத்தினால்தான் சாத்தியமாகின்றன. ஆயினும் திருகுக்கு ஆளை அடையாளம் காணும் சக்தி கிடையாது. உரிமையாளர் பிடித்த ஸ்பானருக்கு எத்தனை எளிதில் இணங்குகிறதோ, அத்தனை எளிதில் கள்வன் பிடித்த ஸ்பானருக்கும் இணங்குகிறது. அந்த அடையாள அறிவைத் திருகுக்கு எவ்விதம் ஊட்டலாம், எவ்வளவு தூரம் ஊட்டலாம், ஊட்டியபின் அதற்கு நாம் கொடுக்கவேண்டிய விலை என்ன என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காரை ஓட்டுவதில் திருப்தியடையாமல், அதன் சக்கரத்தையும் விளக்கையும் இருக்கையையும் தம் ரசனைக்கும் தேவைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழக்கம் அங்கே ஒரு பெரிய வர்த்தகமாகவே வளர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களின் எஞ்சின்களைத் திருத்தி வேகம் கூட்டத் தொடங்கியிருந்தார்கள்; போர் முடிந்ததும் அந்த வழக்கம் பரவியது. 1948-ல் அவர்களுக்கென்றே 'ஹாட் ராட்' என்ற பத்திரிகை தோன்றியது. 1963-ல் இத்தகைய உதிரி உறுப்புகளைச் செய்வோர் கூடி, இன்று செமா என்று வழங்கும் சங்கத்தை நிறுவினார்கள். அச்சங்கம் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தையொட்டி லாஸ் வேகஸ் நகரில் நடத்தும் கண்காட்சியில், கார் என்ற யந்திரத்தில் மாற்றக்கூடாத உறுப்பு ஏதும் உண்டோ என்று வியக்கும்படியாக, ஆயிரக்கணக்கான புதுப் பொருள்கள் வந்து குவிகின்றன.

இந்த வழக்கத்தின் முழு உருவத்தையும் ஒரே வண்டியில் காண விரும்புகிறவர், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் உற்பத்தியாகும் ஜீப் ரேங்ளரைப் பார்க்கலாம். போர்க்கால ஜீப்பின் நேர் வாரிசாகிய இவ்வண்டியின் கதவுகளையும் கூரையையும் உரிமையாளரே கழற்றிப் பூட்ட முடியும். அதற்கு வேண்டிய கருவிகளை நிறுவனமே வண்டியோடு கொடுத்துவிடுகிறது. ஸ்டெப்னி பின்கதவின் வெளிப்புறத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. வாங்கியவர் இவற்றோடு நிற்பதில்லை; முன்னே கனமான எஃகு பம்பர், அதன்மேல் சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கண்ணாடிக்கு மேலே நீண்ட எல்.இ.டி. விளக்குப் பட்டை, பெரிய டயர்களும் அலாய் ரிம்களும் என்று சேர்த்துக்கொண்டே போகிறார். சேர்ப்பவை அனைத்தும் வெளியில் நிற்பவை. சாதாரண போல்ட்டினாலும் நட்டினாலும் பூட்டப்பட்டவை. ஆகவே ஒரு ஜாக்கியும் சில சாக்கெட்டுகளும் உடையவன் இரவில் அரைமணி நேரத்துக்குள் அவற்றில் பலவற்றைக் கொண்டுபோய்விடலாம்.

இவ்வுறுப்புகள் கள்வருக்கு உகந்தவையாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காரின் உடலுக்குத் தனி எண் உண்டு. 1984-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தினால், அதிகம் திருட்டுப் போகும் கார் வகைகளில் எஞ்சின், கியர் பெட்டி, கதவு, பம்பர், மட்கார்டு முதலிய முக்கிய உறுப்புகளிலும் அந்த எண்ணைப் பொறிக்கவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் சக்கரம் இல்லை. விளக்கும் இருக்கையும் இல்லை. உரிமையாளர் கடையில் தனியே வாங்கிப் பூட்டிய பொருளோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. திருடிய காரை விற்பது கடினம். திருடிய நான்கு ரிம்களை விற்பது சுலபம். உறுப்பு தொழிற்சாலை தந்ததே ஆனாலும் இதே நியாயம் பொருந்தும் என்பதற்கு 2002, 2003-ம் ஆண்டு நிஸான் மாக்ஸிமா கார்களின் சரித்திரம் சாட்சி. அவற்றின் ஸீனான் முகப்பு விளக்குகள் விலையுயர்ந்தவை, பிரகாசமானவை, கழற்றுவதற்கு எளியவை. நியூ ஜெர்ஸி, நியூயார்க் வட்டாரத்தில் அவை ஏராளமாகத் திருட்டுப் போகவே, விளக்கை எளிதில் கழற்றவிடாத தடுப்புச் சாதனங்களை நிறுவனம் இலவசமாகப் பொருத்தித் தர நேர்ந்தது. விளக்கின் ஒளியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. அதைப் பற்றி நிற்கும் பிடியைத்தான் மாற்றினார்கள்.

திருகை எவ்விதம் காப்பது என்று பேசுமுன், திருகு எவ்விதம் பற்றுகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். இந்த அடிப்படை விளங்கினால் பின்னர் வரும் யுக்திகள் யாவும் தாமாகவே விளங்கும். திருகின் புரி என்பது மலையைச் சுற்றிச் சுற்றி மேலேறும் பாதையைப் போல ஓர் உருளையைச் சுற்றிய சாய்தளமே. கார் சக்கரங்களில் மிகவும் வழங்குகிற போல்ட்டுகளில் ஒன்று 12 மில்லிமீட்டர் குறுக்களவும், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்றமும் உடையது. அந்தப் பாதையின் சரிவைக் கணக்கிட்டால் சுமார் இரண்டரைப் பாகைதான் வருகிறது. எண்ணெய் அதிகமில்லாத எஃகின்மேல் எஃகு தானாகச் சறுக்கத் தொடங்கவோ எட்டு ஒன்பது பாகைச் சரிவாவது வேண்டும். சரிவு அவ்வளவு சிறியதாக இருப்பதால், எத்தனை பாரம் தாங்கினாலும் நட் தானாகக் கீழிறங்குவதில்லை. உராய்வு அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. திருகு உறுதியாக நிற்பதற்குக் காரணம் உராய்வே.

உராய்வு இந்த உபகாரத்துக்குக் கணிசமான கூலி வாங்கிக்கொள்கிறது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தினால், நட்டின்மேல் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழுகிறது. பல சிறு கார்களின் சக்கரங்களுக்கு விதிக்கப்பட்ட அளவும் ஏறக்குறைய இதுவே. உராய்வே இல்லாத உலகமாக இருந்தால், இந்த முறுக்கு போல்ட்டை நாற்பது டன்னுக்கு மேற்பட்ட விசையோடு இழுத்திருக்கும், போல்ட்டும் அறுந்துபோயிருக்கும். உண்மையில் நமக்குக் கிடைப்பது நான்கு டன் சொச்சம். கையின் உழைப்பில் ஏறக்குறையப் பாதி, நட்டின் அடிப்பாகம் ரிம்மோடு உரசுவதில் போய்விடுகிறது. நாற்பது சதவிகிதம் புரிகள் தம்முள் உரசுவதில் போகிறது. எஞ்சிய பத்து சதவிகிதமே போல்ட்டை நீட்டி இழுத்துச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் சக்தியாகிறது. அழுத்திப் பிடிக்கும் இந்தச் சக்தியினால்தான் சக்கரம் நிற்கிறது; ஐந்து போல்ட்டுகள் சேர்ந்து இருபது டன்னுக்கு மேல் அழுத்துவதால், சக்கரத்தின் முகமும் அச்சின் முகமும் ஒன்றோடொன்று நழுவ முடியாமல் ஒட்டிக் கிடக்கின்றன.

நம்முடைய விஷயத்துக்கு இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, முறுக்கும்போது சாய்தளத்தில் ஏறுகிறோம், கழற்றும்போது இறங்குகிறோம். ஆதலால் துருப்பிடிக்காத நட்டைக் கழற்றுவதற்கு, முறுக்குவதற்குத் தேவைப்பட்ட விசைகூடத் தேவைப்படுவதில்லை. மிகவும் இறுக்கி முறுக்கினால் கள்வன் கழற்ற முடியாது என்று எண்ணுகிறவர், போல்ட்டை அளவுக்கு மீறி நீட்டி அதன் ஆயுளைக் குறைக்கிறாரே தவிர வேறு பயனை அடைவதில்லை. இரண்டாவது, கழற்றுவதற்கு முறுக்கு வேண்டும். முறுக்கைச் செலுத்தத் தலையைப் பற்றியாகவேண்டும். தலையைப் பற்ற முடியாமற் செய்துவிட்டால், உள்ளே இருக்கும் அந்த நான்கு டன் அப்படியே காவல் காக்கிறது. பாதுகாப்புத் திருகுகள் அனைத்தும், ஒன்றிரண்டைத் தவிர, தலையைப் பற்றிய சிந்தனைகளே.

தலையின் சரித்திரம் சுவாரசியமானது. நெடுங்காலம் திருகுக்கு ஒரே ஒரு கீற்றுத்தான் இருந்தது. எந்தத் தட்டையான இரும்பும் அதில் நுழையும், எளிதில் நழுவவும் செய்யும். 1908-ல் கனடா தேசத்துப் பீட்டர் ராபர்ட்ஸன் சதுரக் குழியுள்ள திருகைச் செய்து, ஒன்டாரியோவின் மில்டன் நகரில் தொழிற்சாலை வைத்தார். 1910-ல் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரத்து வில்லியம் ஆலன் அறுகோணக் குழியைக் கொண்டுவந்தார். சுழலும் தண்டுகளின்மேல் துருத்தி நின்ற திருகுத் தலைகள் தொழிலாளரின் ஆடையைப் பற்றி இழுத்து விபத்துகளை உண்டாக்கியதால், தலையே வெளியில் தெரியாத திருகு தேவைப்பட்டது. 1936-ல் ஆரெகன் மாநிலத்து ஹென்றி ஃபிலிப்ஸ், ஜான் தாம்ஸனின் யோசனையை வாங்கிச் செம்மைப்படுத்திய சிலுவைக் குழிக்குக் காப்புரிமை பெற்றார். காடிலாக் கார்கள் அதை முதலில் ஏற்றன. 1967-ல் காம்கார் என்ற நிறுவனம் ஆறு இதழ்ப் பூப்போன்ற டார்க்ஸ் வடிவத்தை வெளியிட்டது. அறுகோணத்தில் கருவியின் விசையில் பெரும்பங்கு குழியை வெளிப்புறமாக நெருக்கி விரிப்பதில் வீணாகிறது. டார்க்ஸில் அந்த நெருக்குதல் மிகக் குறைவாகையால், விசை பெரும்பாலும் சுழற்றுவதற்கே செல்கிறது, குழியும் தேய்வதில்லை.

இவர்களில் ஒருவரும் கள்வனை நினைத்து வடிவம் வகுக்கவில்லை. எளிதாக, நழுவாமல், விரைவாக முறுக்குவதே எல்லோருடைய நோக்கமும். ஒவ்வொரு புது வடிவமும் சில ஆண்டுகளுக்கு மட்டும் பாதுகாப்பாகவும் இருந்தது. அதற்குரிய கருவி ஊரில் பரவும்வரைக்குமே அந்தப் பாதுகாப்பு. பின்னர் டார்க்ஸ் குழியின் நடுவே ஒரு சிறு முளையை நிறுத்தி, நடுவில் துளையுள்ள கருவி மட்டுமே நுழையும்படி செய்தார்கள். இரண்டு துளைகள் மட்டுமுள்ள தலைகளும், முறுக்க மட்டும் இடங்கொடுத்துக் கழற்றும்போது வழுக்கிவிடும் ஒருவழித் தலைகளும் வந்தன. இன்று இத்தகைய முனைகள் அனைத்தும் அடங்கிய சிறு பெட்டிகள் கருவிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. சிறிய அளவுத் திருகாயின், நடுமுளையைச் சுத்தியலும் திருப்புளியும் கொண்டு ஒடித்துவிடவும் முடியும். 1883-ல் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர், ரகசிய எழுத்து முறைகளைப் பற்றி எழுதும்போது, முறை முழுவதும் பகைவன் கையில் சிக்கினாலும் சாவி ஒன்று சிக்காதவரை காப்பு குலையக்கூடாது என்று விதித்தார். ரகசிய எழுத்துக்குச் சொல்லிய அந்த விதி திருகுக்கும் முற்றிலும் பொருந்துகிறது. நடுமுளை டார்க்ஸுக்கு உலகெங்கும் ஒரே சாவி. அதைச் சாவி என்றே சொல்லுதல் தகாது. ஏதோ கையில் அகப்பட்ட ஸ்பானரோடு வருகிற தற்செயல் திருடனை அது தடுக்கும். ஆயத்தமாக வருகிறவனைத் தடுக்காது. பின்கண்ணாடி, எண் பலகை போன்ற சிறு பொருள்களுக்கு அது போதும். விலையுயர்ந்த ரிம்மை அதன் பொறுப்பில் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தலைக்கு உண்மையான சாவியைக் கொடுத்த சாதனம், சக்கரப் பூட்டு நட். இதன் முகத்தில் அறுகோணமோ சதுரமோ இராது. வளைந்து வளைந்து செல்லும் ஒரு குறுகிய காடி இருக்கும். அந்த வளைவுகளில் பல வகை உண்டு. நட்டோடு வரும் சிறு சாவியின் முகத்தில் அதே வளைவு மேடாக எழும்பி நிற்கும். சாவியைக் காடியில் பொருத்தி, சாவியின் மறுபுறத்து அறுகோணத்தில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பவேண்டும். நியூயார்க் மாநிலத்து ஆர்ச்சர்டு பார்க் என்னும் ஊரிலுள்ள மக்கார்டு நிறுவனம் இவ்வகை நட்டுகளுக்குப் பெயர்பெற்றது. காடியின் அகலமும் ஆழமும் மிகச் சிறியவையாக இருப்பதால், வேறு கருவியின் முனை நுழைந்து நெம்புவதற்கு இடமில்லை. உலோகமோ கடினமாக்கப்பட்ட எஃகு. மேற்பரப்பில் கரியைச் செலுத்திச் சூடாக்கிக் குளிரவைப்பதால் ஓடு மட்டும் துரப்பணத்துக்கு இணங்காத கடினத்தையும், உட்புறம் அடிக்கு நொறுங்காத உரத்தையும் பெறுகின்றன. முழுவதையும் கடினமாக்கினால் ஒரே சுத்தியல் அடியில் விண்டுபோகும்; முழுவதையும் மென்மையாக விட்டால் துரப்பணத்துக்கு இரையாகும். இந்த இரண்டு குணங்களையும் ஒரே துண்டு எஃகில் அடுக்கி வைத்திருப்பதை உலோகவியலின் அழகிய வெற்றிகளில் ஒன்றாகவே கருதவேண்டும்.

கள்வனும் சும்மா இருக்கவில்லை. காடியை விட்டுவிட்டு, நட்டின் வெளிவட்டத்தைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டால், சாக்கெட்டே நட்டைக் கவ்விக்கொள்கிறது. பிறகு திருப்புவது எளிது. இதற்கு எதிராக வந்தது சுழலும் உறை. நட்டைச் சுற்றித் தனியாக ஒரு வளையம். அது நட்டோடு ஒட்டாமல் தன்போக்கில் சுழலும். மேலே அடித்து இறுக்கிய சாக்கெட் எவ்வளவு பலமாகப் பற்றினாலும், பற்றியது உறையைத்தான். உறை சுழல்கிறது, நட் அசைவதில்லை. முறுக்கைச் செலுத்துவதற்கு எதிர்த்து நிற்கும் பொருள் ஒன்று வேண்டும் என்ற தத்துவத்தை இத்தனை எளிமையாகக் கையாண்ட சாதனம் வேறில்லை. பூட்டு நட் வாங்குகிறவர் வேறு எதைப் பாராவிட்டாலும் இந்த உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

ஒரு சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட் போதுமா என்ற கேள்விக்கு, எதிரி யார் என்று தெரிந்தாலன்றி விடை சொல்ல முடியாது. சாவியையே கைப்பற்றியவனுக்கு ஒன்றும் இருபதும் ஏறத்தாழச் சமம். காரின் உட்பெட்டியில் சாவியைப் போட்டுவைத்து, கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்ளும்படி விட்டவருக்கு எத்தனை நட்டும் உதவாது. உடைத்துத் திறக்கிறவனுக்கோ ஒவ்வொரு நட்டும் தனிப்பட்ட ஒரு போராட்டம். எண்ணிக்கை கூடக்கூட அவனுக்கு வேண்டிய நேரமும் அவன் எழுப்பவேண்டிய சத்தமும் கூடுகின்றன. கள்வன் அஞ்சுவது நட்டின் பலத்துக்கன்று, இந்த நேரத்துக்கும் சத்தத்துக்குமே. ஆகவே எந்தப் பாதுகாப்புத் திருகுக்கும் மதிப்பீடு நிமிஷங்களில்தான் அமையவேண்டும். ஜாக்கி வைத்து ஒருபக்கம் தூக்கியவுடன் சாய்வை உணர்ந்து அலறும் எச்சரிக்கைக் கருவியோடு சேரும்போது, நட் பெற்றுத் தரும் அந்தச் சில நிமிஷங்கள் பன்மடங்கு மதிப்புப் பெறுகின்றன.

கழற்றவே உத்தேசமில்லாத பொருளுக்கு வேறு வழி இருக்கிறது. தலை ஒடியும் போல்ட்டும் நட்டும் அதற்காகவே பிறந்தவை. இவற்றில் அறுகோணத் தலைக்கும் உடலுக்கும் இடையே ஒடுங்கிய கழுத்து ஒன்று இருக்கும். முறுக்கு குறிப்பிட்ட அளவை எட்டியதும் கழுத்து அறுந்து அறுகோணம் ஸ்பானரோடு வந்துவிடும்; எஞ்சி நிற்பது வழவழப்பான கூம்பு, பற்றிக்கொள்ள மூலையற்றது. கார்களில் இது புதிதன்று. 1970 ஜனவரி 1 முதல் புதிய கார்களில் ஸ்டியரிங்கையோ வண்டியின் ஓட்டத்தையோ சாவியால் பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் விதித்தது. அத்தகைய ஸ்டியரிங் பூட்டைப் பல கார்களில் இவ்வித போல்ட்டுகளே பிடித்து நிற்கின்றன.

கழுத்தின் அளவை நிர்ணயிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. திடமான உருளையை முறுக்கி அறுப்பதற்கு வேண்டிய முறுக்கு, அதன் குறுக்களவின் மும்மடிக்கேற்ப வளர்கிறது. குறுக்களவை இரட்டித்தால் எட்டு மடங்கு, வெறும் பத்து சதவிகிதம் கூட்டினாலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஆகையால் கடைசலில் நேரும் மயிரிழைப் பிழையும் முறுக்கில் பெரிதாகத் தோன்றும். கழுத்து வேண்டியதைவிட மெலிந்திருந்தால், போல்ட் இறுகுமுன்பே தலை ஒடிந்து, தளர்ந்த பொருளை மறுபடி இறுக்க வழியின்றி நிற்கவேண்டியதாகிறது. தடித்திருந்தால் தலை ஒடிவதற்குள் புரியே அழிந்துவிடும். இதனால்தான் பெயரற்ற மலிவுப் போல்ட்டுகளை இந்த வகையில் வாங்கக்கூடாது என்று வற்புறுத்துகிறேன். ஜீப்பின் விளக்குப் பட்டைக்கும் வின்ச்சுக்கும் இது மிகவும் ஏற்றது; வாரந்தோறும் கழற்றும் கதவுக்கு ஏலாது; சக்கரத்தில் இதைப் போடுவதோ அபாயம், பஞ்சரான டயரை நடுவழியில் மாற்றவேண்டிய கட்டாயம் யாருக்கும் வரலாம்.

தலையை விட்டுப் புரியையே பற்றும் யுக்தி ஒன்று ரசாயனத்திலிருந்து வந்தது. ஆலன் திருகு பிறந்த அதே ஹார்ட்ஃபோர்டு நகரத்தில், டிரினிடி கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-ல் ஒரு விசித்திரமான திரவத்தை உருவாக்கினார். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது திரவமாகவே இருக்கும். புரிகளின் நடுவே காற்றுப் புகாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் இறுகிப் பிளாஸ்டிக்காகிவிடும். லாக்டைட் என்று உலகம் அறிந்த பொருள் இதுவே. அதிர்வினால் நட் தளராமல் இருக்கச் செய்த இத்திரவத்தின் வலிமை மிக்க வகை, சுமார் 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினாலன்றி இலகுவில் விடாது. தீயை உபயோகிக்க வேண்டியிருப்பது கள்வனுக்குச் சிரமமே. ஆயினும் நீண்ட ஸ்பானரோடு பலசாலி ஒருவன் நின்றால் பிடி விட்டுவிடவும் கூடும்; ஆதலால் இதைத் துணைக்காவலாக வைக்கலாம், தனிக்காவலாக வைக்கலாகாது. ஆலன் குழிக்குள் சரியான அளவுள்ள பேரிங் குண்டு ஒன்றைத் தட்டி இறக்கிவிடுவது மற்றொரு பழக்கம். செலவு சொற்பம், குழியை அடைத்துக்கொண்டு நிற்கும், வேண்டியபோது உரிமையாளரும் துரப்பணத்தால் போராடவேண்டும் என்பதே அதன் குறை.

திருகு எத்தனை சிறந்ததானாலும் அதன் காவல் திருகு வரைக்குந்தான் செல்லும். கள்வன் கழற்றித்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடங்களில் பாதுகாப்புத் திருகு முற்றிலும் பயனற்றது. இதை உலகுக்குக் காட்டியது, புகைக்குழாயின் நடுவே இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். 1975-ம் ஆண்டு மாடல்கள் முதல் அமெரிக்கக் கார்களில் பரவலாக இடம்பெற்ற இந்தச் சாதனத்தினுள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. அவற்றின் விலை ஏற ஏறத் திருட்டும் ஏறியது. இன்ஷூரன்ஸ் குற்றங்களைக் கவனிக்கும் அந்நாட்டு அமைப்பொன்றின் கணக்குப்படி 2018-ல் 1,298 ஆக இருந்த இத்திருட்டு, 2020-ல் 14,433 ஆக உயர்ந்தது. கள்வர் அதன் போல்ட்டுகளைத் தொடுவதேயில்லை. மின்கல ரம்பத்தால் குழாயை இருபுறமும் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அதைக் காப்பதற்கு வண்டியின் அடியில் முழு உறுப்பையும் மூடும் உலோகத் தகடு ஒன்றை அமைத்து, அந்தத் தகட்டைப் பாதுகாப்பு போல்ட்டுகளால் பூட்டுகிறார்கள். அறுபடக்கூடிய இடத்தை மறைத்தபிறகே திருகுக்கு வேலை வருகிறது. விளக்குப் பட்டையின் நட்டைப் பூட்டிவிட்டு, அதைத் தாங்கும் மெல்லிய அலுமினியக் கொக்கியை அப்படியே விட்டவர் செய்த பிழையும் இதே இனத்தைச் சேர்ந்தது.

பூட்டுவதில் காட்டும் ஆர்வத்தில் சக்கரத்தின் க்ஷேமத்தை மறந்துவிடலாகாது. நட் ரிம்மில் உட்காரும் இடம் சில கார்களில் கூம்பு, சிலவற்றில் உருண்டை, சிலவற்றில் தட்டை. கடையில் வாங்கிய அலாய் ரிம்மின் இருக்கை பழைய ரிம்மினுடையதாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கூம்பு இருக்கையில் உருண்டை நட்டை வைத்தால் மெல்லிய ஒரு வட்டக் கோட்டில் மட்டுமே தொடுகை ஏற்பட்டு, ஓட ஓட அது நசுங்கி, நான்கு டன் பிடிப்பு கரைந்துபோகும். முறுக்கு அளக்கும் ஸ்பானரைக் கொண்டு, ஒன்றைவிட்டு ஒன்றாக எதிரெதிர் முனைகளில் முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். ஒஹாயோ, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையின் பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் நட்டின் காடியிலும் சுழலும் உறைக்குள்ளும் புகுந்து துருவேற்றினால், கள்வனுக்கு மூடிய வழி உரிமையாளருக்கும் மூடிவிடும். அலுமினியத்தில் எஃகுத் திருகைப் பூட்டிய இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் மின்ரசாயன அரிப்பு வேறு தொடங்கி அலுமினியத்தைத் தின்னும். ஆண்டுக்கொரு முறையாவது கழற்றித் துடைத்துப் பூட்டுவதே இதற்கு மருந்து.

சாவியைப் பற்றி இரண்டொரு விஷயம் எஞ்சியிருக்கிறது. அதன் மேடு மெல்லியது. நிதானமான கைமுறுக்குக்காகச் செய்தது. டயர்க் கடைகளில் காற்றழுத்தத்தால் அடித்தடித்துச் சுழற்றும் துப்பாக்கி போன்ற யந்திரத்தை அதன்மேல் வைத்தால், மேடு நொறுங்கிக் காடிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே வண்டியை விடும்போதே இந்த நட்டைக் கையால்தான் கழற்றவேண்டும் என்று சொல்லிவிடவும், வேலை முடிந்ததும் சாவி திரும்பி வந்ததா என்று பார்த்து வாங்கிக்கொள்ளவும் வேண்டும். கூரையும் கதவும் கழற்றிய ஜீப்பில் சாவியை எளிதில் கைக்கெட்டும் பையில் வைப்பது, அதைக் கள்வனிடமே கொடுப்பதற்குச் சமம். பூட்டக்கூடிய பெட்டி ஒன்றை வண்டியின் உட்புறத்தில் அமைத்து அதில் வைப்பது நலம். சாவியோடு வரும் அட்டையிலோ சாவியின் உடலிலோ ஒரு குறியீடு இருக்கும்; அது இருந்தால் உற்பத்தியாளரிடமிருந்து அதே வளைவுள்ள மற்றொரு சாவியைப் பெறலாம், இல்லாவிட்டால் சொந்த நட்டையே உடைத்தெடுக்க நேரும். அட்டை வண்டியில் இருக்கவேண்டாம். வண்டியின் பதிவுப் பத்திரங்களோடு வீட்டிலேயே இருக்கட்டும்.